சொல்லாமல் விட்ட குமிழி

அப்பாவுக்கு வளைகுடாவில், அல் ஐன் என்ற ஊரில், ரேடியேட்டர் ஓட்டை அடைக்கிற வேலை. ஊரில் யாராவது கேட்டால் அம்மா "இன்ஜினீயரிங் கம்பெனி" என்பாள். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லிவைத்திருந்தேன். இரண்டாயிரத்து நான்காம் வருஷம், ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், இரண்டு மாத விசிட் விசாவில் அப்பா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டபோதுதான் அந்தக் கம்பெனியை நேரில் பார்த்தேன்.

சனாயியா என்று எல்லோரும் சொல்லும் பட்டறைப் பகுதியில், டயர்க்கடைக்கும் வெல்டிங் கடைக்கும் நடுவே ஷட்டர் போட்ட ஒற்றை அறை அது. வாசலில் கழற்றிப் போட்ட ரேடியேட்டர்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. உள்ளே ஒரு இரும்பு மேசை, நெருப்பு ஊதும் டார்ச், ஆசிட் டப்பா, ஈயக் கம்பிகள். மூலையில் என் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டால் கட்டிய தண்ணீர்த் தொட்டி. இன்ஜினீயர்கள் யாரும் இல்லை. பட்டறையை நடத்தியவர் ஒரு மலையாளி முதலாளி. வேலைக்கு அப்பாவும் ஒரு பெஷாவர்க்காரரும். அந்தப் பெஷாவர்க்காரரும் ஆறு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தார்.

அதுவரை என் வாழ்நாளில் அப்பாவை மொத்தமாகச் சேர்த்து ஏழெட்டு மாதம் பார்த்திருப்பேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, நான் பழகி மடியில் உட்காரத் தொடங்கும் நேரத்தில் கிளம்பிவிடுவார். அதனால், நாங்கள் அல் ஐன் வந்த மூன்றாம் நாளே அவர் என்னைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வேண்டாம் என்றாள். "அனல்ல பிள்ளைய எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறீங்க" என்று கேட்டாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். அம்மா இரண்டாம் முறை கேட்கவில்லை.

பகல் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை அந்த ஊர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். முதலாளியும் அறைக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில்தான் எங்கள் வேலை. ரேடியேட்டரின் வாய்களையெல்லாம் அடைத்து, ஒரு குழாய் வழியாக உள்ளே காற்றைச் செலுத்தி, அப்பா அதைத் தொட்டிக்குள் அமிழ்த்துவார். எங்கே ஓட்டையோ அங்கிருந்து தண்ணீருக்குள் குமிழி கிளம்பும். அந்த இடத்தில் நான் ஆணியால் ஒரு கீறல் போட வேண்டும். அப்பா வெளியே எடுத்து, விரல் நுனியால் என் கீறலைத் தடவிக் கண்டுபிடித்து, ஆசிட் தடவி, ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பார்.

"நீங்களே பாத்தா என்னப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் கண்ணு பெரிய கண்ணு ஆத்தா. பெரிசைத்தான் பாக்கும். சின்னதைப் பாக்கச் சின்னக் கண்ணு வேணும்" என்றார்.

இதை நான் முழுமையாக நம்பினேன். உண்மை என்னவென்றால், சர்க்கரை நோய் அப்பாவின் கண்களை உள்ளிருந்து இரண்டு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், டார்ச்சின் நீல நெருப்பு தெரியும். மற்றதையெல்லாம் இருபது வருஷத்துக் கைப்பழக்கம் பார்த்துக்கொண்டது. குமிழியைக் கையால் பார்க்க முடியாது. அதைப் பார்த்துச் சொல்லி அப்பாவைக் காப்பாற்றி வந்தவர் பெஷாவர்க்காரர். அவர் லீவில் போனதும் அந்த இடத்துக்கு அப்பா என்னை வரவழைத்திருந்தார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எனக்கு, அப்பா என்னோடு விளையாடுகிறார் என்று மட்டும் தெரியும்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு அரபிப் பெரியவர் பிக்கப்பில் வந்தார். பின்னால் ஒரு பழைய கம்பளியில் சுற்றி ஒரு ரேடியேட்டர் படுத்திருந்தது. யாரையும் தொடவிடாமல் அவரே ஒரு பக்கம் பிடித்து இறக்கினார். பித்தளைத் தலையும் செம்புக் குழாய்களுமாக, அதுவரை நான் பார்த்ததிலேயே கனமானது. ஒரு பழைய டிராக்டருடையது என்றார்கள். அந்த நாட்டில் தார்ச்சாலை வருவதற்கு முன்பே கப்பலில் வந்து இறங்கிய டிராக்டராம்.

முதலாளி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, குழாயெல்லாம் அரித்துவிட்டது, இதற்குப் பொருந்தும் புதியதும் கிடைக்காது, மியூசியத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று இந்தியில் சொன்னார். பெரியவர் முதலாளியை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"ரஃபீக், நீ சொல்லு" என்றார். ரஃபீக் என்றால் நண்பன், வேலைக்கு வந்தவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அப்பா மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அந்த ரேடியேட்டரை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். "ஒரு வாரம் குடுங்க" என்றார்.

அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னார். பெரியவருக்கு ஒரு தம்பி. இருவரும் சேர்ந்துதான் அந்த டிராக்டரை ஓட்டி, மணலைத் திருத்தித் தோட்டம் போட்டார்கள். தம்பி இப்போது படுக்கையில். பிள்ளைகளைத் தெரியவில்லை, அண்ணனையும் தெரியவில்லை. தினமும் மாலையில் ஜன்னலுக்கு வெளியே டிராக்டரை ஓடவிட்டால் மட்டும் தலையைத் திருப்புவார். அந்தச் சத்தம் கேட்கும் நேரத்தில்தான் வாயைத் திறந்து கஞ்சி குடிப்பார். ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கி டிராக்டரை நிறுத்திய பிறகு மூன்று வாரமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"அடைச்சிருவீங்களா?" என்று அம்மா கேட்டாள். அவள் கேட்டது ரேடியேட்டரைப் பற்றி மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

"பிள்ள இருக்குல்ல" என்றார் அப்பா.

முதல் நாள் அமிழ்த்தியபோது தொட்டித் தண்ணீர் உலை கொதிப்பதுபோல் பொங்கியது. எந்தக் குமிழி எங்கிருந்து வருகிறதென்றே சொல்ல முடியவில்லை. நாளுக்கு இரண்டு மூன்று ஓட்டையாக அடைத்துக்கொண்டே போனோம். என் கீறல்களால் அந்தப் பித்தளை முழுக்கக் கோடாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானது. வியாழக்கிழமை கடைசியாக இரண்டே இரண்டு இடங்கள் மிஞ்சின. அவற்றையும் அப்பா அன்றே பற்றவைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் அன்று மதியம் வந்து கடைசியாக ஒருமுறை அமிழ்த்திப் பார்த்துவிட்டால் சனிக்கிழமை கொண்டுபோய் மாட்டிவிடலாம்.

அதே வெள்ளிக்கிழமைதான் நாங்கள் அல் ஐனை ஒட்டிய மலைக்குப் போவதாக இருந்தது. வெகு தொலைவில் ருவைஸ் என்ற ஊரில் ஒரு ஆலையில் வேலை பார்த்த அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர், சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள், கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். நாலு மணிக்குக் கிளம்பினால் மலை உச்சியில் நின்று சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு, அவர் அப்படியே ருவைஸுக்குத் திரும்பிவிடுவார். மறுநாள் அவருக்கு டியூட்டி. வளைந்து வளைந்து ஏறும் அந்த மலைச்சாலையைப் பற்றி ஊருக்குப் போய் வகுப்பில் சொல்வதற்கு நான் ஏற்கெனவே வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். புது கவுனைப் போட்டுக்கொண்டுதான் பட்டறைக்கே வந்தேன்.

இரண்டரை மணி இருக்கும். அப்பா ரேடியேட்டரை அமிழ்த்தினார். நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். தண்ணீர் அசையவில்லை. என் முகமும் மேலே எரிந்த டியூப்லைட்டும் அதில் தெரிந்தன.

பிறகு, அடித் தகட்டின் இடது மூலையில், ஈயம் மடிந்திருந்த இடத்தில், கடுகளவு ஒரு குமிழி முளைத்தது. அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பது வரும்போது அது பிரிந்து மேலே வந்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று முளைத்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெளியே எடுக்க வேண்டும், காய வைக்க வேண்டும், ஆசிட், நெருப்பு, ஈயம், ஆற வேண்டும், மறுபடி அமிழ்த்த வேண்டும். நாலு மணி தாண்டிவிடும்.

"ஆத்தா, வருதா?"

"இல்லப்பா."

"இடது மூலையில பாரு. அங்க ஈயம் சரியாப் பிடிச்ச மாதிரி கைக்குத் தெரியல."

இரண்டாவது குமிழி பிரிந்து மேலே வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமே வரலப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்ப்பா."

"சரி. நீ சொன்னாச் சரி" என்று சொல்லி அப்பா ரேடியேட்டரைத் தூக்கினார்.

சித்தப்பா சொன்ன நேரத்துக்கு வந்தார். மலைச்சாலை நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. உச்சியில் காற்று அடித்தது. கீழே ஊர் முழுவதும் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டது. அப்பா காரிலிருந்து இறங்கியதிலிருந்து என் தோளில் கைவைத்தபடியே நடந்தார். படி வரும்போது கை கொஞ்சம் அழுந்தியது. பாசம் என்று நினைத்தேன். பாசமாகவும் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை எங்களையும் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார் பெரியவர். தகரக் கொட்டகைக்குள் அந்த டிராக்டர் நின்றது. சாம்பல் நிறம். இருக்கை இரும்பில் ஒரு பெரிய கரண்டிபோல் வளைந்திருந்தது. அப்பா ரேடியேட்டரை மாட்டி முடித்ததும் பெரியவரே குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார். பிறகு டிராக்டரைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு அறையின் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே கட்டிலில் தம்பி படுத்திருந்தார். வற்றிய முகம், திறந்த கண்கள், எதையும் பார்க்காத பார்வை.

இன்ஜின் முதலில் இருமியது. இரண்டுமுறை கரும்புகை கக்கியது. பிறகு சீராக ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தலையணையில் கிடந்த அந்தத் தலை மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. போர்வைமேல் கிடந்த வலது கை எழுந்து, இல்லாத ஒரு கியரைப் பிடித்து முன்னால் தள்ளியது.

பெரியவர் அப்பாவின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு ரஃபீக், ரஃபீக் என்று மட்டும் சொன்னார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பா என் பக்கம் குனிந்து, "இதுல பாதி உன் வேலை" என்றார்.

நான் யாரும் பார்க்காதபோது டிராக்டருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இடது மூலை காய்ந்திருந்தது. மணலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கடுகளவு குமிழியெல்லாம் ஒரு குமிழியா என்று சமாதானமாகிவிட்டேன்.

வாரம் முடியுமுன் பெரியவர் மறுபடியும் பட்டறைக்கு வந்தார். நாலு மணிக்குக் கடை திறந்த சமயம், நான் மேசைக்கடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். இந்த முறை அவர் கம்பளியில் சுற்றிக் கொண்டுவரவில்லை. ரேடியேட்டர் பிக்கப்பில் வெறுமனே கிடந்தது.

தினமும் மாலையில் டிராக்டரை ஓடவிட்டிருக்கிறார். நேற்றும் ஓடவிட்டுவிட்டு உள்ளே போய்த் தம்பிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி நன்றாகச் சாப்பிட்டாராம். அதனால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விட்டிருக்கிறார். சூடு ஏற ஏற மூலை பிளந்து தண்ணீர் முழுவதும் மணலில் இறங்கிவிட்டது. உள்ளே யாருக்கும் தெரியவில்லை. சத்தம் மாறியபோது ஓடிவந்திருக்கிறார். அதற்குள் இன்ஜினின் தலை வெடித்துவிட்டது. இனி அதற்குப் பாகம் எங்கேயும் இல்லை.

அவர் கோபப்படவில்லை. நஸீப் என்றார். விதி என்று அர்த்தம் என்பது பிறகு தெரிந்தது. "கலாஸ்", எல்லாம் முடிந்தது, என்று ஒருமுறை சொல்லிவிட்டு பிக்கப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டியைக் கிளப்பவும் இல்லை.

முதலாளி அந்தப் பிளவைப் பார்த்தார்.

"ஆரா டெஸ்ட் செய்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சேட்டா" என்றார் அப்பா.

முதலாளி கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்தார். பிறகு வாசலில் சாய்ந்திருந்த வேறொரு ரேடியேட்டரை எடுத்து, வாயடைத்து, காற்றுக் குழாயை மாட்டி, அவரே தொட்டிக்குள் அமிழ்த்தினார்.

"வா. லீக் எவிடெ? காட்டு."

அப்பா தொட்டியருகே போய்க் குனிந்தார். நான் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு குழாயிலிருந்து குமிழிகள் நூல்போல ஏறிக்கொண்டிருந்தன. அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு இடத்தைத் தொட்டார். அது ஒரு சாண் தள்ளியிருந்தது. முதலாளி ரேடியேட்டரைத் திருப்பி மறுபடி அமிழ்த்தினார். அப்பா மறுபடியும் வேறெங்கோ தொட்டார்.

முதலாளி காற்றை நிறுத்தினார். நல்ல மனிதர் அவர். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"எத்ர நாளாயி?"

அப்பா கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் நின்றார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நான் நினைத்தேன். குமிழி விஷயம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பழி என்மேல் வராமல் இருக்க, கண் தெரியாதவர்போல் நடிக்கிறார். இவ்வளவு நன்றாக நடிக்கும் அப்பா வேறு யாருக்கும் இருக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் நடிப்பு கெட்டுவிடக் கூடாதென்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று அறைக்குத் திரும்பியதும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஆத்தா, அன்னைக்கி அந்த மூலையில ஒண்ணும் வரலைல்ல?"

நடிப்பு இன்னும் முடியவில்லை, அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்து, "இல்லப்பா" என்றேன்.

"அப்ப சூட்டுலதான் விட்டிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. சிறிது நேரம் கழித்து அம்மாவிடம், "அந்தாளோட தம்பி இன்னைக்கிக் கஞ்சி குடிக்கலையாம். ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்காராம்" என்றார்.

அந்தத் தம்பி அப்புறம் என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை. பெரியவரிடம் கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

முதலாளி அப்பாவுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். நாங்கள் போகும் அதே விமானத்தில். இதைக் கேட்டதும் நான் அறைக்குள் குதித்தேன். ஒவ்வொரு முறையும் அப்பாவை வழியனுப்பிவிட்டுத் திரும்பும் அதே சாலையில், இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகப் போகிறோம். இனி திரும்பிப் போக மாட்டார் என்றும் சொன்னார்கள். விமானத்தில் ஜன்னலோரம் நான், நடுவில் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். இவ்வளவு நல்ல காரியம் நடந்திருக்கும்போது எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. உள்ளுக்குள் எனக்கு ஒரு ரகசியப் பெருமையும் இருந்தது. அன்று அந்தக் குமிழியைச் சொல்லியிருந்தால் அப்பா இப்போது எங்களோடு வந்திருக்க மாட்டாரே.

ஊருக்கு வந்ததும் அப்பாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணில் ஏதோ ஒளி பாய்ச்சினார்கள் என்றும், இன்னும் இரண்டுமுறை போக வேண்டும் என்றும் அம்மா சொன்னாள். முன்பே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டாம் வாரத்தில் ஒருநாள், யாரோ இறந்துவிட்டதாகச் சொல்லிப் பாதி நாளிலேயே மணி அடித்துவிட்டார்கள். நான் ஓடிவந்தேன். அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் தெருவைப் பார்த்திருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போய் அவருக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தபடியே உள்ளே குரல் கொடுத்தார்.

"பிள்ள வர நேரமாகலையா இன்னும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். ஊருக்கு வந்த பிறகும் அப்பா அந்த நடிப்பை விடவில்லை, அதுவும் எனக்காகவே செய்கிறார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே அம்மா வெளியே வந்தாள். அவருக்கு முன்னால் நான் நிற்பதைப் பார்த்தாள். விளையாட்டைக் காட்டிக்கொடுத்துவிடப் போகிறாளே என்று நான் உதட்டில் விரலை வைத்து, சொல்லாதே என்று ஜாடை காட்டினேன்.

அம்மா சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இதற்கு ஏன் அவள் உட்கார வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.